இரைச்சலை வென்ற ஒளி

இரவு நேரத்தில் தொலைதூர நிலையமொன்றை நாடி வானொலிப் பெட்டியின் திருகியை மெல்லத் திருப்புவோர் ஓர் உண்மையை நன்கு அறிவர். அலை வலுவாக வரும்போது பாட்டும் பேச்சும் தெளிவாகக் கேட்கின்றன. அலை நலிந்துவிட்டாலோ 'கரகர' என்னும் இரைச்சல் மேலெழுந்து பேச்சை விழுங்கிவிடுகின்றது. ஒலியைக் கூட்டும் திருகியை எவ்வளவு முறுக்கினும் பயனில்லை. பேச்சுப் பெருகும் அளவுக்கு இரைச்சலும் உடன் பெருகும். காதுக்கு நேரும் இத்தொல்லை கண்ணுக்கும் நேர்வதுண்டு. மாலை மங்கிய வேளையிலோ விளக்கொளி குன்றிய மண்டபத்திலோ எண்முறைக் கமராவினால் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கரிய பகுதிகளில் மணலை வாரி இறைத்தாற்போல நிறப் புள்ளிகள் சிதறிக் கிடப்பதைக் காணலாம். அப்புள்ளிகளுக்கும் இரைச்சல் என்றே பெயர். ஓசையற்ற படத்துக்கு ஓசையின் பெயர் வாய்த்தது தற்செயலன்று. வானொலியின் கரகரப்பும் படத்தின் புள்ளியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

படத்தில் விழுந்த இரைச்சலைப் பின்னர்த் துடைத்தெடுப்பதற்குக் கணினி வழிகள் பல உள. ஆயினும் துடைக்கும் கை புள்ளியை மட்டும் துடைப்பதில்லை. சேலையின் நெசவையும், மூதாட்டியின் முகச் சுருக்கத்தையும், இலையின் நரம்பையும் உடன் துடைத்துவிடும். ஆதலால், இரைச்சலைக் குறைக்கும் முதல் வழி படம் எடுக்கும் அந்நேரத்திலேயே, ஒளியைக் கமராவுக்குள் விடும் முறையிலேயே தங்கியுள்ளது என்பது துறையறிந்தோர் துணிபு. ஒளிபடுத்தல் எனப்படும் இம்முறை ஒருவரால் ஒருநாளிற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. வானியலார், இரசாயனவியலார், வானொலிப் பொறியியலார் என்னும் முத்திறத்தார் தனித்தனியே கண்ட உண்மைகள் பல ஆறுகள் ஒரு கடலிற் கலப்பது போல ஒன்றுகூடி உருவாகிய கலை அது.

தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் வெள்ளி பூசிய தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறையை 1839 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டிலேயே நியூ யோர்க் நகரப் பேராசிரியர் ஜோன் வில்லியம் டிறேப்பர் அத்தகைய தகடொன்றைச் சந்திரனை நோக்கித் திறந்து வைத்தார். தகடு ஒளியை மிக மந்தமாகவே உணரும் தன்மையது. எனவே அவர் ஏறத்தாழ 20 நிமிடம் அதனைத் திறந்து வைக்க நேர்ந்தது. வானம் நகர்ந்துகொண்டேயிருக்க, அந்நகர்ச்சியைத் தொடர்ந்து சென்று ஒளியை ஒரே இடத்தில் விழச் செய்யவேண்டியதாயிற்று. சந்திரனின் உருவம் தகட்டிற் பதிந்தது. பொறுமையுடன் காத்திருந்தால் மங்கிய ஒளியும் உருவந்தரும் என்னும் பாடம் அன்று தொடங்கியது.

எனினும் அப்பாடம் முற்றுப்பெறுவதற்கு நாற்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தன. 1851 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஃபிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறை வேகமுடையதாயினும், தகடு ஈரமாயிருக்கும் சில நிமிடங்களுக்குள் வேலை முடிந்தாகவேண்டும். காய்ந்த தகடு ஒளியை உணராது. 1871 ஆம் ஆண்டில் றிச்சட் லீச் மடொக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் ஜெலற்றின் பசையில் வெள்ளியுப்பைக் கலந்து உலர்தகடு செய்யும் வழியை வெளியிட்டார். இதனைப் பிறர் திருத்தி மேம்படுத்தவே, மணிக்கணக்காகத் திறந்து வைக்கக்கூடிய தகடு வானியலாருக்குக் கிடைத்தது. அதன் பயன் உடனே வெளிப்பட்டது. சந்திரனைப் படம்பிடித்த டிறேப்பரின் மகனான ஹென்றி டிறேப்பர் 1880 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆந் திகதி இரவு ஒறையன் விண்மீன் கூட்டத்திலுள்ள ஒளிமுகிலை ஏறத்தாழ 50 நிமிடம் தகட்டில் விழச் செய்து படமாக்கினார். 1882 ஆம் ஆண்டில் அவரே 137 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து மேலும் மங்கிய பகுதிகளைப் பதிவு செய்தார். 1883 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஈலிங் என்னுமிடத்தில் அன்ட்ரூ கொமன் எடுத்த படத்தில், அதே தொலைகாட்டியிற் கண் வைத்துப் பார்த்தவர் காணாத விண்மீன்களும் தோன்றின. 1888 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஐசக் றொபேட்ஸ் என்பார் அன்ட்ரோமீடா ஒளிமுகிலை 4 மணி நேரம் படமாக்கி, அது சுருள்வடிவினது என்பதை உலகுக்குக் காட்டினார்.

இங்கு ஒரு பேருண்மை வெளிப்படக் காணலாம். மனிதக் கண் தன்னிடம் வரும் ஒளியை அவ்வப்போதே செலவிட்டுவிடும் ஊதாரி. ஒரு கணத்தில் வந்ததை மறுகணத்துக்கெனச் சேமித்து வைப்பதில்லை. ஒரு மணி நேரம் உற்றுநோக்கினும் முதற் கணத்திற் கண்டதற்கு மேல் அதிகமாக ஒன்றும் தெரிவதில்லை. தகடோ காசைக் காசாய்ச் சேர்க்கும் சிக்கனக்காரன். துளித்துளியாய் வரும் ஒளியெல்லாம் அதில் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்து ஈற்றில் பெருஞ் செல்வமாகின்றது.

ஒளியைச் சேர்க்கலாம் என்பது தெளிவாயிற்று. எவ்வளவு சேர்த்தல் தகும் என்பது அடுத்த வினா. அதற்கு அளவுகோல் வகுத்தோர் வானியலார் அல்லர். இங்கிலாந்தின் விட்னஸ் நகரில் சோடாத் தொழிற்றுறையிற் பணியாற்றிய ஃபேர்டினன்ட் ஹேர்ட்டர், வெரோ டிறிஃபீல்ட் என்னும் இருவர் ஓய்வுநேரத்திற் புகைப்படக் கலையில் ஈடுபட்டு, இவ்வளவு ஒளி பட்டால் தகடு இவ்வளவு கருக்கும் என்பதை ஆண்டுக்கணக்காக அளந்தனர். அவர்களின் முடிவு 1890 ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒளிக்கும் கருமைக்கும் உள்ள தொடர்பை வரைபடமாக வரைந்தால் அது படுத்த 'எஸ்' எழுத்தைப் போன்ற வளைகோடாகின்றது. அடிப்பகுதியில் ஒளி மிகக் குறைவாதலால் தகடு அதனைப் பொருட்படுத்துவதேயில்லை. நடுப்பகுதியில் ஒளி பெருகப் பெருகக் கருமையும் ஒழுங்காய்ப் பெருகும். மேற்பகுதியில் தகடு திகட்டிப்போய், மேலும் ஒளி விழுந்தாலும் வேறுபாடு காட்டாது. நல்ல படம் வேண்டுவோர் காட்சியின் ஒளி வேறுபாடுகளெல்லாம் அந்நடுப்பகுதியில் அமையுமாறு ஒளிபடு நேரத்தைத் தேர்தல் வேண்டும். இம்முடிவு அக்காலத்துப் பலருக்குக் கசப்பாயிருந்தது. புகைப்படம் கலைஞனின் உள்ளுணர்வுக்கு உரியதா, அளவுகோலுக்கு உரியதா என்று வாதம் எழுந்தது. காலம் இரண்டுக்கும் இடமுண்டு எனத் தீர்ப்பளித்தது.

இதன்பின் ஜேர்மன் வானியலறிஞர் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட் வியன்னாவிற் பணியாற்றிய காலத்தில் மற்றொரு குறையை ஆராய்ந்தார். ஒளி பாதியானால் நேரத்தை இரட்டித்துச் சரிசெய்துவிடலாம் என்பது எதிர்பார்ப்பு. மிக மங்கிய ஒளியில் தகடு அவ்வாறு நடப்பதில்லை. நேரம் நீள நீள அது களைத்துப்போய், விழும் ஒளியில் ஒரு பகுதியை வீணாக்கிவிடுகின்றது. காத்திருத்தலின் பயனுக்குத் தகட்டின் இயல்பே ஓர் எல்லை வகுத்திருந்தது. தகட்டின் பின்னர்ப் பிலிம் வந்தபோதும் இக்குறை நீங்கவில்லை. பிலிமின் வெள்ளி மணிகள் வேறு படத்திற் சொரசொரப்பாய்த் தோன்றின. வேகமான பிலிமில் மணிகள் பெரியன; ஆதலின் சொரசொரப்பும் பெரிது. 1940 ஆம் ஆண்டை அடுத்து அமெரிக்கக் கலைஞர் அன்சல் அடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சர் என்பாருடன் சேர்ந்து வகுத்த வலய முறையும், காட்சியின் நிழற்பகுதி நெகட்டிவில் தக்கவாறு பதியப் போதிய ஒளி கொடுத்தலையே அடிப்படையாகக் கொண்டது.

இனி, வரலாறு புகைப்படக்காரரை விட்டு வானொலிப் பொறியியலாரிடம் செல்கின்றது. 1918 ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் வால்ற்றர் ஷொட்கி, வானொலி வால்வுகளிற் பாயும் மின்னோட்டத்தை ஆராய்ந்தார். மின்னோட்டம் நீரோடை போல இடையறாது ஓடுவதன்று. இலத்திரன் என்னும் நுண்துணிக்கைகள் ஒவ்வொன்றாய் வந்து விழுவதே மின்னோட்டம். அவை வந்து விழும் கணம் ஒழுங்கற்றது. வேட்டைத் துப்பாக்கியின் சன்னங்கள் தகரத்தில் விழுந்து படபடப்பது போல இலத்திரன்களும் விழுவதால் இரைச்சல் எழுகின்றது என அவர் விளக்கினார். இதற்குச் சன்ன இரைச்சல் என்ற கருத்துடைய பெயர் வழங்கலாயிற்று. 1928 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன்சன், நைக்குவிஸ்ட் என்னும் இருவர், கடத்தியிலுள்ள வெப்பமே மற்றொரு வகை இரைச்சலுக்குக் காரணம் என நிறுவினர். வானொலிக்கென வகுத்த இவ்விரு விதிகளும் பிற்காலத்தில் கமராவின் உள்ளே புகுந்து ஆட்சி செய்யுமென அன்று எவர்தாம் எண்ணியிருப்பர்?

ஒளியும் துணிக்கைகளாகவே வந்து சேர்கின்றது. அதனால் ஷொட்கி கண்ட உண்மை ஒளிக்கும் பொருந்தும். முற்றத்தில் ஒரே அளவான நூறு கிண்ணங்களை வரிசையாக வைத்து, மழை தூறத் தொடங்கிய சில கணங்களில் எடுத்து மூடிவிட்டால், ஒரு கிண்ணத்தில் மூன்று துளியும், அடுத்ததில் ஏழு துளியும், இன்னொன்றில் ஒரு துளியும் இருக்கும். மழை எக்கிண்ணத்துக்கும் ஓரவஞ்சனை செய்ததில்லை. வேறுபாடு தற்செயலால் வந்தது. அக்கிண்ணங்களையே நீண்டநேரம் மழையில் விட்டால், எல்லாவற்றிலும் நீர் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கக் காணலாம். எண்முறைக் கமராவின் உணரியிலுள்ள பிக்சல்கள் இக்கிண்ணங்களே, ஒளித்துணிக்கைகளே மழைத்துளிகள். சிறிது நேரமே ஒளி விழுந்த படத்தில், ஒரே நிறமுள்ள சுவரிலும் பிக்சலுக்குப் பிக்சல் வேறுபாடு தோன்றும். அவ்வேறுபாடே கண்ணை உறுத்தும் இரைச்சல்.

இதனைக் கணக்கிடும் விதி எளியது. தற்செயலால் நேரும் ஏற்றத்தாழ்வு, வந்த துணிக்கைகளின் தொகையின் வர்க்கமூலத்துக்குச் சமன். 100 துணிக்கைகள் வந்த இடத்தில் ஏற்றத்தாழ்வு 10. அஃதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துணிக்கைகள் வந்த இடத்தில் ஏற்றத்தாழ்வு 100. அஃது நூற்றுக்கு ஒன்றே. ஒளி பெருகும்போது இரைச்சலும் பெருகத்தான் செய்கின்றது. ஆனால் ஒளி ஓட, இரைச்சல் நடக்கின்றது. இதுவே இரைச்சலை ஒளி வெல்லும் மருமம். தொலைக்காட்சிக் கமராக் குழாய்களை ஆராய்ந்த அல்பேட் றோஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1940 ஆம் ஆண்டுகளில், படத்திலுள்ள ஒரு நுண்பொருளை ஐயமின்றி இனங்காண்பதற்கு அதன் ஒளிவேறுபாடு இரைச்சலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காயிருத்தல் வேண்டும் எனக் கணித்தார்.

தகட்டின் களைப்பை நீக்கிய புதுப்பொருள் 1969 ஆம் ஆண்டில் தோன்றியது. அவ்வாண்டு ஒக்டோபரில் பெல் ஆய்வுகூடத்தில் வில்லர்ட் பொயில், ஜோர்ஜ் ஸ்மித் என்னும் இருவர், சிலிக்கன் துண்டொன்றில் மின்னேற்றத்தைச் சிறு சிறு பொதிகளாய்த் தேக்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் கருவியை வகுத்தனர். சிசிடி என வழங்கும் அக்கருவிக்காக 2009 ஆம் ஆண்டில் பௌதிகவியல் நோபல் பரிசின் ஒரு பாதி அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒளி விழுந்தால் சிலிக்கனில் இலத்திரன்கள் விடுபடும்; எவ்வளவு ஒளியோ அவ்வளவு இலத்திரன். ஒளி இருமடங்காயின் இலத்திரனும் இருமடங்காகும். தகட்டைப் போல அது களைப்பதில்லை. 1975 ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் ஸாஸன் 10,000 பிக்சல்களே கொண்ட சிசிடியை வைத்துக் கையிற் கொண்டுசெல்லும் எண்முறைக் கமராவொன்றைச் செய்தார். ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிவு செய்ய அதற்கு 23 செக்கன் பிடித்தது. மறு ஆண்டில் அமெரிக்க வானியலார் அரிசோனா மாநிலத்து மலையொன்றிலிருந்த தொலைகாட்டியில் சிசிடியைப் பொருத்தி யுறேனஸ் கோளைப் படமெடுத்தனர்.

ஆயினும் சிலிக்கனும் குறையற்றதன்று. ஒளி சிறிதும் புகாதபடி மூடி வைத்தாலும், வெப்பத்தினாலேயே சில இலத்திரன்கள் விடுபட்டுக் கிண்ணத்தை நிரப்பத் தொடங்கும். இதற்கு இருள்மின்னோட்டம் என்று பெயர். ஏறத்தாழ 6 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலை ஏறுந்தோறும் அது இருமடங்காகும். வானியலார் இதற்கு இரு மருந்து கண்டனர். ஒன்று, உணரியைக் கடுங்குளிரில் வைத்தல். மற்றொன்று, படம் எடுத்தபின் அதே நேர அளவுக்கு, அதே வெப்பநிலையில், மூடியைத் திறவாமலே இன்னொரு படம் எடுத்து, அவ்விருட்படத்தை முதற் படத்திலிருந்து கழித்துவிடுதல். இக்காலக் கமராக்கள் பல, நீண்டநேரப் படமெடுத்த பின்னர் அதே அளவு நேரம் பேசாதிருந்துவிட்டுப் படத்தைக் காட்டுவது இதனாலேயே. அவ்வேளையில் அவை இருட்படம் எடுத்துக் கழித்துக்கொண்டிருக்கின்றன. எனினும் கழித்தலால் நீங்குவது நிலையான புள்ளிகளே, தற்செயலானவை நீங்கா. ஓர் இருட்படத்தின் தற்செயல் வழு மற்றப் படத்தின் வழுவோடு சேரவுங் கூடும். ஆதலின் வானியலார் இருட்படங்கள் பலவற்றை எடுத்து, அவற்றின் சராசரியையே கழிப்பர்.

இவற்றோடு, கிண்ணத்திலுள்ள இலத்திரன்களை எண்ணிப் பார்க்கும் மின்சுற்றும் ஒவ்வொரு முறையும் சிறிது பிழை விடும். இது வாசிப்பு இரைச்சல். ஒளி மிகுந்த இடத்தில் இப்பிழை பொருட்டன்று. நிழலிலோ, வந்த ஒளியே சொற்பமாதலின், இப்பிழை அதனை மூடிவிடும். படத்தின் கரிய மூலைகளிலேயே இரைச்சல் முதலில் தலைகாட்டுவதன் காரணம் இதுவே.

எண்முறைக் கமரா பொதுமக்கள் கைக்கு வந்தபோது ஐஎஸ்ஓ என்னும் எண்ணும் உடன் வந்தது. பிலிம் காலத்தில் அது பிலிமின் வேகத்தைக் குறித்தது. எண்முறைக் கமராவில் உணரி மாறுவதில்லை, ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தினால் வந்த குறி பெருக்கிக் காட்டப்படுகின்றது, அவ்வளவே. அது வானொலியின் ஒலிகூட்டும் திருகியைப் போன்றது. ஐஎஸ்ஓ 100 இலிருந்து 1600 க்கு உயர்த்தி, அதற்கேற்ப ஒளிபடு நேரத்தைக் குறைத்தால், உணரிக்குக் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு ஒளியே. வர்க்கமூல விதிப்படி, இரைச்சலுக்கு எதிரே ஒளியின் வலிமை நாலில் ஒன்றாகிவிடும். குற்றம் ஐஎஸ்ஓ எண்ணின்மேற் சுமத்தப்படினும், மெய்க்குற்றவாளி ஒளியின் வறுமையே.

இவ்வறுமையைப் போக்கும் எளிய முறையொன்று 2003 ஆம் ஆண்டிற் பரவலாக அறியப்பட்டது. கனடாவைச் சேர்ந்த புகைப்படக்காரர் மைக்கல் றைக்மன், படத்திருத்த மென்பொருள் வகுத்தோருள் ஒருவரான தொமஸ் நொல் என்பாருடன் உரையாடியதன் விளைவாக அதனை எழுதினார். கமராவின் திரையில் தோன்றும் வலையுரு வரையத்தில் இடப்பக்கம் இருளையும் வலப்பக்கம் வெளிச்சத்தையும் குறிக்கும். வெளிச்சப் பகுதிகள் நிரம்பி வழியாத எல்லை வரையில் அவ்வரையத்தை வலப்பக்கம் தள்ளி ஒளிபடுத்தல் வேண்டும். படம் தேவைக்குமேல் வெளிறித் தோன்றினும், பின்னர்க் கணினியில் அளவாக இருட்டிக்கொள்ளலாம் என்பதே அம்முறை. வெளிச்சப் பகுதியில் நிறப்படிகள் அதிகம் என்பதே அதற்கு அன்று கூறப்பட்ட காரணம். பிற்பட்ட ஆய்வு, முறை சரியே, காரணம் வேறு எனக் காட்டியது. கிண்ணத்தில் மழைத்துளி மிகுதியாய் விழுந்ததே உண்மையான நன்மை. ஒளி சேராமல் ஐஎஸ்ஓவை மட்டும் உயர்த்தி வரையத்தை வலப்பக்கம் தள்ளுவோர்க்கு இந்நன்மை கிட்டாது என்பதும் அதனால் விளங்கிற்று. நிரம்பிய கிண்ணத்தில் விழும் துளி வெளியே வழிந்து வீணாவது போல, எல்லை கடந்த வெளிச்சமும் மீளாது. வெண்முகிலின் மடிப்புகளும் மணப்பெண்ணின் கூறைச் சரிகையும் அவ்வாறு அழிந்துபோனால் எக்கணினியாலும் மீட்டுத்தர இயலாது. ஹேர்ட்டரும் டிறிஃபீல்டும் கண்ட வளைகோட்டின் எச்சரிக்கை இங்கு வேறு வடிவிற் கேட்கின்றது.

ஒரு தடவையில் வேண்டிய ஒளியைச் சேர்க்க முடியாதபோது செய்வது யாது? இவ்வினாவுக்கு உலகறிய விடை தந்தது 1995 ஆம் ஆண்டில் ஹபிள் விண்தொலைகாட்டி நிகழ்த்திய ஓர் அருஞ்செயல். 1990 ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்தப்பட்ட அத்தொலைகாட்டியின் ஆடி, தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்களவே ஓரத்திற் பிழையாகத் தீட்டப்பட்டிருந்தது. அச்சிறு பிழையாற் படங்கள் மங்கின, உலகம் நகைத்தது. 1993 ஆம் ஆண்டு டிசெம்பரில் விண்வெளி வீரர் சென்று திருத்தியமைத்தனர். அந்நகைப்பின் எதிரொலி அடங்கிய சிறிது காலத்துக்குள், விண்தொலைகாட்டி விஞ்ஞான நிறுவனத்தின் பணிப்பாளர் றொபேட் வில்லியம்ஸ், தமது பொறுப்பில் விடப்பட்டிருந்த நேரத்திலிருந்து பத்து நாட்களை, வெறுமையெனத் தோன்றிய ஒரு சிறு வானப் பகுதியை நோக்குவதற்கென ஒதுக்கினார்.

அறிஞர் பலர் இதனை விரும்பவில்லை. தொலைகாட்டியின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பலர் போட்டியிட்டுக் காத்திருக்க, ஒன்றுமில்லாத இடத்தைப் பத்து நாள் பார்ப்பதா என்பது அவர்தம் ஐயம். ஒன்றும் தெரியாது போயின், மக்கள் முன் மீண்டும் தலைகுனிய நேரும். வில்லியம்ஸ் பழி வரின் தாமே ஏற்பதென்ற துணிவுடன் முடிவு செய்தார். 1995 டிசெம்பர் 18 முதல் 28 வரை, சப்தரிஷி மண்டலத்தில் வானப் பரப்பின் 2 கோடியே 40 இலட்சத்தில் ஒரு பங்கான சிறுபுள்ளியைத் தொலைகாட்டி இடைவிடாது நோக்கியது.

பத்து நாளும் ஒரே படமாய் எடுத்திருத்தல் கூடாதோ? கூடாது. விண்வெளியிலிருந்து பாயும் மின்னேற்றத் துணிக்கைகள் உணரியைத் தாக்கி வெண்கீறல்களை உண்டாக்கும். நெடுநேரம் திறந்து வைத்த படம் அக்கீறல்களால் நிறைந்துவிடும். மிகக் குறுகிய படங்களாய்ப் பிரித்தாலோ, ஒவ்வொன்றிலும் வாசிப்பு இரைச்சல் ஒருமுறை சேர்ந்து குவியும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேர்ந்து, நான்கு வகை நிறவடிகள் மூலம் 342 படங்கள் எடுக்கப்பட்டன. ஒரு படத்தில் மட்டும் தோன்றி மற்றவற்றில் இல்லாதது கீறலென விலக்கப்பட்டது. எல்லாவற்றிலும் நிலைத்து நின்றது மெய்யான ஒளியெனக் கொள்ளப்பட்டது. அன்றியும், படத்துக்குப் படம் தொலைகாட்டி மயிரிழை அளவு நகர்த்தப்பட்டது. அதனால் பழுதான பிக்சல் ஒன்று ஒரே விண்பொருளின்மேல் எப்போதும் விழாது தவிர்க்கப்பட்டது. பின்னர் எல்லாம் நேர்ப்படுத்தி ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டன.

வெறுமையென்று கருதிய அச்சிறு புள்ளியில் ஏறத்தாழ 3,000 விண்மீன் திரள்கள் தோன்றின. அவற்றுள் மிக மங்கியவை வெறுங்கண்ணுக்குத் தெரியும் எல்லையிலும் 400 கோடி மடங்கு மங்கியவை. 1996 சனவரியில் வெளியிடப்பட்ட அப்படங்களும் தரவுகளும் எவர்க்கும் உரியனவாக உலகுக்கு உடனே வழங்கப்பட்டன. ஐயுற்றோரும் அவற்றைக் கொண்டே ஆராய்ச்சி நடத்தினர். 2003 செப்டெம்பர் முதல் 2004 சனவரி வரை இம்முறையே மீண்டும் கையாளப்பட்டு, 800 படங்களில் ஏறத்தாழ 10 இலட்சம் செக்கன் ஒளி சேர்க்கப்பட்டபோது, ஏறத்தாழ 10,000 திரள்கள் புலனாயின. அவற்றுள் மிக மங்கியவற்றிலிருந்து நிமிடத்துக்கு ஓர் ஒளித்துணிக்கை வீதமே வந்து சேர்ந்தது. அவ்வொன்றையும் வீணாக்காது எண்ணிச் சேர்த்த பொறுமையே அவற்றைக் கண்முன் நிறுத்தியது.

வானியலார் கண்ட இம்முறை இன்று பொதுமக்களின் சட்டைப்பையிற் குடிகொண்டுள்ளது. கைத்தொலைபேசிக் கமராவின் உணரி விரல்நகத்திலும் சிறிது. அதன் கிண்ணங்களும் அதற்கேற்ப மிகச் சிறியன. இவ்வறுமைக்கு மாற்றாகக் கூகிள் நிறுவனத்தின் ஆய்வாளர் 2014 ஆம் ஆண்டில் விளக்கிய முறையில், பொத்தானை ஒருமுறை அழுத்தினால் தொலைபேசி பல படங்களை அடுத்தடுத்து எடுக்கின்றது. வெளிச்சம் நிரம்பி வழியாதிருக்க ஒவ்வொன்றும் வேண்டுமென்றே சிறிது இருட்டாய் எடுக்கப்படும். பின்னர் அவை கைநடுக்கம் நீங்க நேர்ப்படுத்தப்பட்டுச் சராசரியாக்கப்படுகின்றன. 2018 ஆம் ஆண்டில் இம்முறை இரவுப் படங்களுக்கும் விரிக்கப்பட்டது. 16 படங்களின் சராசரியில் தற்செயல் இரைச்சல் நாலில் ஒன்றாகும் என்பது வர்க்கமூல விதியின் பழைய கணக்கே. றைக்மன் ஒளியை மிகுதியாய் விடுக என்றார்; தொலைபேசியோ குறைத்து விடுகின்றது. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. ஒரு குடம் நீரை ஒரே முறையில் எடுப்பதற்கும் பதினாறு சிரட்டைகளால் மொண்டெடுப்பதற்கும் உள்ள வேறுபாடே அது. சேரவேண்டிய நீரின் அளவே பொருள்.

ஆதலின், கமரா கையில் உள்ளோர்க்கு இவ்வரலாறு கூறும் நெறிகள் சிலவே. அசையாப் பொருளாயின் முக்காலியில் கமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓவைத் தாழ்த்தி, நேரத்தை நீட்டுதல் நன்று. நேரத்தை நீட்ட இயலாவிடில் வில்லையின் துவாரத்தை அகலத் திறத்தல் வேண்டும். வெளிச்சப் பகுதி வழியாத எல்லை வரையில் ஒளியைத் தாராளமாய் விடுதல் வேண்டும். ஒன்றிற் போதாததைப் பல படங்களாய் எடுத்துச் சேர்த்தல் வேண்டும். ஓடும் குழந்தையையும், மேடையில் ஆடும் நடனமாதையும் படமெடுப்போர்க்கு இவை முற்றாக உதவா. அங்கு நேரத்தை நீட்டினால் உருவமே குழம்பிவிடும். குழம்பிய தெளிவைவிடச் சொரசொரத்த உண்மை மேலானது. அத்தகைய வேளையில் ஐஎஸ்ஓவை உயர்த்தத் தயங்குதல் தவறு.

சந்திரனை நோக்கி இருபது நிமிடம் காத்திருந்த டிறேப்பர் முதல், வெறும் வானை நோக்கிப் பத்து நாள் காத்திருந்த வில்லியம்ஸ் வரை, இத்துறையில் வெற்றி கண்டோர் அனைவரும் ஒரே கொள்கையையே கைக்கொண்டனர். வராத ஒளியை எக்கருவியாலும் படைத்துத் தர முடியாது. வரும் ஒளியை வீணாக்காது ஏற்க மட்டுமே முடியும். இருளில் ஒன்றுமில்லை என்று கூறி எழுந்து செல்வோர்க்கு இருளே மிஞ்சுகின்றது. அமைதியுடன் ஒளியைத் துளித்துளியாய்ச் சேர்த்தோர்க்கோ அவ்விருளே ஆயிரமாயிரம் உலகங்களைத் திறந்து காட்டியது.